இருபத்திரண்டு நிமிட மண்டகப்படி

பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒருவனிடமே விவரம் கேட்பது, மாப்பிள்ளையின் குணத்தை மாப்பிள்ளையிடமே விசாரிப்பதற்குச் சமம். பதில் விரிவாக வரும். உண்மை வேறு தெருவில் இருக்கும்.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அந்த மாப்பிள்ளை நானேதான். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தேன். பக்கத்துத் தெருவில் பெண் எடுத்தேன். நடந்து போகிற தூரத்தில் உள்ள பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேலாக வரலாறு நடத்துகிறேன். (நடத்துகிறேன் என்பதை என் மாணவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. "சொல்லிக்கினே இருப்பாரு" என்பார்கள்.)

ஆறு வருடங்களுக்கு முன்பு என் மகள் நிரஞ்சனா சென்னையில் கட்டடக் கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளும் நான்கு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். காஞ்சிபுரத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வரைவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஏரி, குளம், வாய்க்கால் எல்லாம் கண்ணாடி போன்ற ஒரு தாளில். தறி ஓடுகிற வீடுகள் இன்னொரு தாளில். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போகிற தடம் மூன்றாவதில். கோயில்கள் நான்காவதில். கருட சேவையன்று பெருமாள் வீதி உலா போகிற பாதை ஐந்தாவதில். ஐந்தையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கவிட்டு எதிரே நின்றால் ஊர் முழுதாகத் தெரியும். ஒவ்வொன்றாக விலக்கினால் ஊர் கழன்று கழன்று வரும்.

"வெங்காயம் மாதிரியா?" என்று கேட்டேன். மகள் பென்சிலைச் சீவப் போய்விட்டாள். (வெங்காயம் என்ற சொல் அப்போதே என் வாயில் வந்து எச்சரித்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.)

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கண்காட்சிக்கு முன்பு வரைபடங்களைப் பார்க்க வந்த வெளித்தேர்வாளர், கோயம்புத்தூர்க்கார அம்மாள், ஐந்தையும் பார்த்துவிட்டு, "அஞ்சு படமும் அழகா இருக்குதுங்க. ஆனா ஒண்ணுக்கொண்ணு என்னங்க சம்பந்தம்? அது தெரியலீன்னா இது கண்காட்சி இல்லீங்க, துணிக்கொடி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுக்குகள் எங்காவது ஓரிடத்தில் ஒன்றை ஒன்று தொட்டாக வேண்டும். இல்லாவிட்டால் தேர்ச்சி கிடையாது. ஒரு வருடம் போய்விடும். நிரஞ்சனா அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

போதாக்குறைக்கு ஏனாத்தூர் பக்கம் ஏரிக்கரையில் அளவெடுக்கும்போது கால் பிசகி, கணுக்காலில் கட்டோடு வந்து சேர்ந்தாள். கருட சேவைக்கு மூன்று நாள்தான் இருந்தது. உத்தேசமாக வரைந்திருந்த பாதையைப் பெருமாளோடு நடந்து சரியாகப் பதிவு செய்ய வேண்டியவள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் நடக்கிறேன்" என்றேன். "என் ஊர், என் பெருமாள், என் கால்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு வழியில்லாத ராஜா கடைசித் தளபதியைப் பார்க்கிற பார்வை. பிறகு என் போனில் ஒரு செயலியை ஏற்றினாள்.

"நீ போற வழியெல்லாம் இது கோடு போடும்ப்பா. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓரிடத்துல நின்னா ஒரு வட்டம் போடும். எவ்வளவு அதிகம் நிக்கறியோ, அவ்வளவு பெரிய வட்டம். பெருமாளை நிறுத்திப் பூஜை பண்ற மண்டகப்படி எல்லாம் அப்படித்தான் தெரியும். நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம். பெருமாள் நடந்தா நட. நின்னா நில்லு. அவ்வளவுதான்."

"இதுக்கு ஒரு செயலி வேறயா? ஆயிரம் வருஷமா ஜனங்க அதைத்தானே பண்ணிண்டிருக்கா?"

என் மனைவி பத்மா இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தாள். "ஏன்னா, பெருமாள் திரும்பக் கோயிலுக்குள்ள எழுந்தருளற வரைக்கும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் கிடையாது. குழந்தை பாஸாகணும்னு வேண்டிண்டு நடங்கோ."

"எனக்கென்ன கஷ்டம்?" என்றேன். மனப்பூர்வமாகவே சொன்னேன். என் உறுதி எப்போதும் சாப்பிட்ட பிறகு மிகப் பலமாக இருக்கும்.

இங்கே ஒரு வாக்குமூலம் அவசியமாகிறது. எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகப் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். வீட்டில் வெங்காயத்துக்கே ஏகாதசியன்று அனுமதி கிடையாது. ஆனால் எனக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் எபினேசர் என்பவருடன் பத்து வருடப் பழக்கம். மாதம் ஒருமுறை. பிரெட் ஆம்லெட். அவர் என்னை "ஐயரே" என்பார். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்துகிற உரிமையை ஆம்லெட்டுக்காக விட்டுக்கொடுத்திருந்தேன்.

கருட சேவையன்று நான் நடந்த நடையைப் பற்றிப் பெருமையாகவே சொல்லலாம். குடைகள் முன்னால் ஆட, கூட்டம் பின்னால் தள்ள, வேட்டி மடியில் போனைச் செருகிக்கொண்டு ஒரு அடி பிசகாமல் நடந்தேன். பெருமாள் நின்றால் நின்றேன். ஒரு மண்டகப்படியில் ஒருவர் என் காலை மிதித்தார். நகரவில்லை, கோடு கோணிவிடும் என்று. வைகாசி வெயில் எட்டு மணிக்கே உச்சியில் ஏறியது. பெரிய காஞ்சிபுரத்தில் பெருமாள் மண்டபத்துக்குள் எழுந்தருளினார். திரை போட்டார்கள்.

பக்கத்தில் கோதண்டம் நின்று தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாளெல்லாம் தறி நெய்கிறவர், திருவிழாவில் பெருமாளைத் தோளில் சுமப்பவர்.

"எவ்ளோ நேரம் ஆகும் கோதண்டம்?"

"அலங்காரம் மாத்தணும், தளிகை படைக்கணும். ஒரு மணி நேரம் ஆவும் வாத்தியாரே. அப்பிடி நெழல்ல குந்துங்க."

நிழலைத்தான் தேடிப் போனேன். இதைக் கோர்ட்டில் கூடச் சொல்வேன். முதல் சந்தில் நிழல் போதவில்லை. இரண்டாவது சந்தில் நிழல் இருந்தது, உட்கார இடமில்லை. மூன்றாவது திருப்பத்தில் காற்று மாறி அடித்தது. அந்தக் காற்றில் கல்லில் வதங்குகிற வெங்காயம் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது நான் அல்ல.

எபினேசர் என் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார். கரண்டியை நிறுத்தினார். "இன்னா ஐயரே, இன்னிக்குமா? எங்க வூட்டுப் பசங்களே கொட பாக்கப் போயிக்கிறானுங்க!"

"ஒரு தண்ணி பாட்டில் வாங்கலாம்னு வந்தேன்."

"தண்ணி எதிர்க்கடையில இருக்குது. எங்கிட்ட முட்டைதான் இருக்குது."

நான் எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தேன், கல்லை இரண்டு முறை.

"சிங்கிளா, டபுளா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"டபுள்."

உத்தரீயத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் கவிழ்த்திருந்த பால் கூடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எபினேசர் பேசிக்கொண்டே இருந்தார். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்ததைக் காட்டி, "போன வாரத்து மழையில பாதி சக்கரம் முழுகிப்போச்சு. ஊர்ல எங்கியும் தண்ணி இல்ல, இங்க மட்டும் தேங்கிக்கினு நிக்குது. அதான் எவனும் கட்டடம் கட்டாம வுட்டு வெச்சிருக்கான். இல்லன்னா எனக்கு இந்த எடம் கெடைக்குமா?" என்றார். வாய் நிறைய ரொட்டி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

மடியில் போன் இருந்தது. மடியில் இருக்கிற போனுக்குக் கண் தெரியாது என்பது என் அப்போதைய விஞ்ஞானம்.

கை கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு வெற்றிலை மென்று, திரை விலகுகிற நேரத்துக்குத் திரும்பிவிட்டேன். மீதி வழியையும் அப்பழுக்கில்லாமல் நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் பத்மா என் வாடிய முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். "பாவம், ஒண்ணுமே சாப்பிடலையே" என்று இரண்டு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள். அதையும் சாப்பிட்டேன்.

மறுநாள் நிரஞ்சனா மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, மண்டபத்துக்கு அந்தப் பக்கம் மூணு சந்து தள்ளி ஒரு வட்டம் விழுந்திருக்கே. இருபத்திரண்டு நிமிஷம். ரொம்பப் பெருசு. இது என்னது?"

பத்மா சரியாக அப்போது காபி கொண்டுவந்து நின்றாள்.

"அதுவா" என்றேன். "ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தா. பெருமாள் சுத்திண்டு போனார்."

"இருபத்திரண்டு நிமிஷம் நின்னாரா?"

"நின்னார்."

"ஏன்?"

"மண்டகப்படி."

"அங்க ஒரு மண்டகப்படி இருக்கறதா யாருமே சொல்லலையே!"

"எல்லாம் எல்லாருக்கும் தெரியுமா?" என்றேன். இருபது வருடமாக மாணவர்களின் கேள்விகளை நான் சமாளித்து வருவது இந்த ஒரே வாக்கியத்தால்தான்.

அவள் உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வெளியே வந்தாள். "அப்பா! பழைய சர்வே படத்துல பார்த்தேன். அதே இடத்துல ஒரு குளம் இருந்திருக்கு! தூர்த்துட்டா. இப்ப அங்க ஒண்ணுமே இல்லை. ஆனா பெருமாள் மட்டும் இன்னும் அங்க போய் நிக்கறார்! தண்ணி அடுக்கும் உலா அடுக்கும் ஒட்டறதுப்பா! நாங்க தேடிண்டிருந்தது இதுதான்!"

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் உண்மை சொல்ல, அரிச்சந்திரன் பரம்பரையில் வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "எங்க தாத்தா கூட அங்க ஒரு குளம்னு ஏதோ சொல்லுவார்" என்று ஒரு படி மேலே கட்டினேன். (தாத்தா சொன்னதே இல்லை. அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவரே இல்லை.) கூரத்தில் கிடைத்த செப்பேட்டை வைத்துப் பல்லவர் கதையை நம்புகிறோம். அதை வெட்டியவன் அன்று காலை எங்கே போய் என்ன சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? என்னை நானே இப்படித் தேற்றிக்கொண்டு தூங்கினேன்.

கண்காட்சி எங்கள் ஊரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடை இருக்கிற இடத்தில் ஐந்து தாள்களும் தொங்கின. ஊரே வந்திருந்தது. தறிக்காரர்கள் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார்கள். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தன் தடத்தைப் பார்த்து, "கரெக்டா போட்டுக்கிறாங்க, இங்கதான் எப்பவும் ஓவர்டேக் பண்ணுவேன்" என்று பெருமைப்பட்டார்.

நடுவில், எல்லா வட்டங்களையும் தின்றுவிடுகிற மாதிரி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் கொட்டை எழுத்தில்: மறைந்த குளத்தை மறக்காத பெருமாள்.

நான் மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

வெளித்தேர்வாளர் அம்மாள் அந்த வட்டத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதானுங்க கேட்டேன்" என்றார். "குளம் போயிருச்சு, வழக்கம் போகலை. இதை நேர்ல பார்த்தது யாருங்க?"

"எங்க அப்பா" என்றாள் நிரஞ்சனா. அவள் என்னைப் பெருமையாகக் காட்டியது வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. முதல் முறை ஒன்றாம் வகுப்பில், நான் எதுவும் பேசாமல் நின்ற பள்ளி ஆண்டு விழாவில். "வரலாற்று ஆசிரியர்."

அம்மாள் நோட்டைத் திறந்தார். "சொல்லுங்க சார். அங்க இருபத்திரண்டு நிமிஷம் என்ன நடந்துச்சுங்க? யாரோட உபயம்? என்ன பாடினாங்க?"

"பாட்டு… பெரிசா ஒண்ணும் இல்லை."

"என்ன நைவேத்தியமுங்க?"

நான் பத்மாவைப் பார்த்தேன். பத்மா என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் கூடவே இருந்தவளுக்கு என் முகம் தெரியும். அவள் பார்வை மெல்ல என் வயிற்றுக்கு இறங்கியது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "வாத்தியாரே, ஒரு நிமிசம்." கோதண்டம். வட்டத்தின் கீழ் போட்டிருந்த நேரத்தை விரலால் தட்டினார். "எட்டேகாலுக்கா? எட்டேகாலுக்குப் பெருமாள் மண்டபத்துக்குள்ளல்ல இருந்தாரு? நான் தூக்கிக்கினு போய் வெச்சவன். எனக்குத் தெரியாம எறங்கி நடந்தே போய்ட்டாரா?"

கூட்டம் சிரித்தது. நிரஞ்சனா சிரிக்கவில்லை. அவள் என்னைக்கூடப் பார்க்கவில்லை. வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் அம்மாள் நல்லவர். எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். "சில சமயம் போன் தப்பான இடத்தைக் காட்டுமுங்க. கருவிப் பிழையா இருக்கலாம். இல்லீங்களா சார்?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நான் தப்பித்துவிடுவேன். பழி போனுக்குப் போகும். ஆனால் போன் பொய் என்றால் கோடு முழுவதும் பொய். ஒரு அடி பிசகாமல் நான் நடந்த நடையும் பொய். அந்த அடுக்கையே கழற்றிக் கீழே வைக்க வேண்டியதுதான். மிச்சம் துணிக்கொடி. ஒரு வருடம் போகும், அதுவும் என்னுடையதல்ல, அவளுடையது.

வாழ்க்கையில் சாப்பிடாத நேரத்தில் எனக்கு உறுதி வந்தது அன்றைக்குத்தான்.

"போன் சரியாத்தான் காட்டறது" என்றேன். "அங்க பெருமாள் நிக்கலை. நான் நின்னேன்."

"எதுக்குங்க?"

"பிரெட் ஆம்லெட்."

அம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பாதியில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வரலாற்று ஆசிரியன். ஆதாரத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி.

"டபுள்" என்றேன்.

"டபுளா!" என்றாள் பத்மா. அவள் அன்று சொன்ன ஒரே சொல். அந்தக் குரலில், சிங்கிளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாளோ என்கிற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கோதண்டம் தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு என் செருப்பை ஆராய்ந்தேன்.

நிரஞ்சனா நொண்டிக்கொண்டே என் அருகில் வந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அந்த வண்டி ஏன் அங்க நிக்கறது?"

"என்னம்மா?"

"ஊர்ல இவ்வளவு இடம் இருக்கு. அவர் ஏன் அங்க வண்டி போட்டிருக்கார்? நன்னா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்கத் தேவையில்லை. செங்கல், சக்கரம், மழை எல்லாம் ரொட்டி மணத்தோடு அப்படியே வந்தன. "அங்க மட்டும் தண்ணி தேங்கறதாம். அதனால யாரும் கட்டடம் கட்டலை. அதனாலதான் அவருக்கு அந்த இடமே கிடைச்சுதாம்."

நிரஞ்சனா தேர்வாளர் பக்கம் திரும்பினாள். "மேடம், குளத்தைத் தூர்த்தும் தண்ணி அந்த இடத்தை விடலை. தண்ணி விடாததால கட்டடம் வரலை. கட்டடம் வராததால வண்டி வந்தது. வண்டி வந்ததால உலாவுக்கு வந்த ஒருத்தர் பாதையை விட்டு அங்க போனார். அடுக்கு ஒட்டறது மேடம். நாங்க எழுதினதுதான் தப்பு."

பேனாவை எடுத்தாள். 'மறைந்த குளத்தை மறக்காத' என்பதை அப்படியே விட்டாள். 'பெருமாள்' என்பதை அடித்தாள். அதன் மேல் 'அப்பா' என்று எழுதினாள்.

தேர்வாளர் அம்மாள் அதைப் படித்தார். என்னையும் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தார். "இது நிற்குமுங்க" என்றார். "ஆனா வண்டிக்காரரை நாளைக்கே பார்த்து விசாரிச்சு எழுதணும். சாட்சி வேற யாராவது போகட்டும். இவர் வேண்டாமுங்க."

தேறினார்கள். பரிசு வேறு ஒரு குழுவுக்குப் போனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

அந்தத் தாள் சட்டம் போட்டு இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிற விருந்தாளி எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்தைக் காட்டி, "இது எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். பத்மா காபியை வைத்துவிட்டு விளக்குவாள். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போவேன். (எங்களுக்குத் தோட்டம் கிடையாது. இரண்டு தொட்டி.) எபினேசர் தன் பெயர் மகளின் ஆய்வறிக்கையில் வந்த பக்கத்தை நகல் எடுத்து வண்டியில் ஒட்டியிருக்கிறார். கருட சேவை வந்தால், அந்தச் சந்து திரும்புகிற இடத்தில் கோதண்டம் தோளில் பாரத்தோடு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "வாத்தியாரே, ஒங்க மண்டகப்படி வந்துருச்சு. பெருமாள் போலாமா, இருக்கட்டுமா?" என்று கேட்கத் தவறுவதில்லை.

அந்தச் செயலியை என் போனிலிருந்து எடுக்க இன்றுவரை அனுமதி இல்லை. கோடும் வட்டமும் நேராகப் பத்மாவின் போனுக்குப் போகின்றன. ஆறு வருடம் நான் சுத்தமாக நடந்தேன். போன மாதம் ஒரு சாயங்காலம் நானும் அவளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது காற்று மாறி அடித்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உறுதியாக நடந்தேன். பத்மா நின்றாள். கைப்பையில் தன் போனோடு வைத்திருந்த என் போனை எடுத்துக் கொடுத்தாள். எதிர்ப்பக்க மரத்தடியைப் பார்த்து நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சுண்டு வந்துடுங்கோ. வட்டம் விழாது."